எடைமேடை கம்ப்யூட்டர் போய்விட்டது: எக்ஸ்பி, டாஸ், பெரிய பிரிண்டர் போர்ட் எல்லாம் ஓடுகிற மதர்போர்டு இப்போது கிடைக்குமா?

புளியரைக்காரன் (செங்கோட்டை பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். புளியரை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலேயே அப்பா ஒரு எடைமேடை வைத்திருக்கிறார். ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குப் போகிற எம் சாண்ட், ஜல்லி, வைக்கோல், காய்கறி வண்டி எல்லாம் இங்கே ஏறி இறங்கித்தான் போகும். மேடையில் ஒரு குறையும் இல்லை, சிக்கல் ஆபீஸ் ரூமில் இருக்கிற கம்ப்யூட்டரில்.

பென்டியம் 4, இன்டெல் 865 மதர்போர்டு, 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. அதில் ஓடுவது ஃபாக்ஸ்புரோவில் எழுதிய, விண்டோஸுக்கு முந்திய காலத்து டாஸ் புரோகிராம் ஒன்று. வண்டி நம்பரை அடித்து எஃப்5 தட்டினால் இண்டிகேட்டரில் இருக்கிற எடை அப்படியே திரையில் வந்து உட்காரும், இன்னொரு தட்டு தட்டினால் டாட் மேட்ரிக்ஸில் மூன்று காப்பி சீட்டு. அப்பா கீபோர்டைப் பார்க்காமலே ஓட்டுவார். வாடிக்கை லாரிக்காரர்களின் கடன் கணக்கு, வண்டிகளின் காலி எடை எல்லாம் 2005-லிருந்து அதற்குள்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரின் போன் நம்பர் இப்போது உபயோகத்திலேயே இல்லை.

இந்தச் சாரல் தொடங்கியதிலிருந்து காலையில் ஆன் ஆக மூன்று நான்கு தடவை பட்டனைத் தட்ட வேண்டியிருந்தது. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆனது. இப்போது ஃபேன் மட்டும் சுற்றுகிறது. திறந்து பார்த்தால் பிராசசரைச் சுற்றி ஐந்து கப்பாசிட்டர் தலை உப்பி நிற்கிறது, இரண்டில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன். 12-வது தலைமுறை ஐ3, எச்610 மதர்போர்டு, விண்டோஸ் 11, எல்லாம் ஓடும் என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தார்கள். புரோகிராமைத் தட்டினால் 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்று வருகிறது. பின்னால் இண்டிகேட்டர் ஒயரையும் பிரிண்டர் ஒயரையும் சொருக இடமே இல்லை. பிரிண்டருக்கு யுஎஸ்பி மாற்று கேபிள் போட்டுக்கொள்ளலாம், நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி வெறும் நீட்டிப்புதான், தேவையில்லை என்று கடைப் பையன் கழற்றி மேஜையில் வைத்துவிட்டான். சரி, எக்ஸ்பியாவது போடுங்கள் என்றேன். சிடியிலிருந்து பூட்டே ஆகவில்லை. மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அப்பா இண்டிகேட்டரைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதுகிறார். சாயங்காலம் ஆனால் வண்டி ஆறு ஏழு வரிசையில் நின்று ஹாரன் அடிக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்பது பின் காம் போர்ட் ஒன்று, இருபத்தைந்து பின் பிரிண்டர் போர்ட் ஒன்று, இந்தப் புரோகிராம் ஓட வேண்டும், அவ்வளவுதான். 15 ஆயிரம் வரை செலவழிக்கலாம். புது மதர்போர்டு எதாவது இருக்கிறதா?

(போர்டு வேறு, போர்ட் வேறு. நான் எழுதும்போதே குழம்புகிறேன், மன்னிக்கவும்.)


கொழிஞ்சாம்பாறை சர்வீஸ்

தம்பி, கடைக்காரர் கொண்டுவந்தது நல்ல மதர்போர்டுதானுங்க, உங்கள் வேலைக்குத்தான் ஆகாது. மூன்று தனித்தனிச் சிக்கல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடக்கிறது.

அந்த 'ஓடாது' என்கிற செய்திக்கும் மதர்போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. 64 பிட் விண்டோஸ் எதை எடுத்தாலும் 16 பிட் டாஸ் புரோகிராமை ஓட்டுகிற என்டிவிடிஎம் என்கிற பகுதி அதில் கிடையாது, 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு வந்தது, 11-இல் அதையே நிறுத்திவிட்டார்கள். ஆக விண்டோஸ் 11 போட்ட அன்றைக்கே உங்கள் ஃபாக்ஸ்புரோ கதை முடிந்தது, எவ்வளவு விலை உயர்ந்த மதர்போர்டு போட்டாலும் அப்படித்தான்.

அடுத்து, அதே மதர்போர்டில் எக்ஸ்பி ஏன் ஏறவில்லை. ஆன் செய்ததும் முதலில் ஓடி விண்டோஸை எழுப்புகிற பகுதி, புது மதர்போர்டுகளில் யுஇஎஃப்ஐ. பழைய பயாஸ் மாதிரி நடித்துக் காட்டுகிற சிஎஸ்எம் என்று ஒன்று அதற்குள் இருந்தால்தான் எக்ஸ்பியோ 32 பிட் விண்டோஸ் 10-ஓ பூட் ஆகும். அதை 2020-க்குள் கைவிடப்போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. இன்டெல்லின் 500 வரிசை சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்) தொடங்கி, உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸை வைத்துக்கொண்டு சிஎஸ்எம் வேலை செய்யாது. ஜிடி 710 மாதிரி தனி கார்டு ஒன்று சொருகினால், பயாஸில் அந்த ஆப்ஷனை வைத்திருக்கிற மதர்போர்டுகளில் மட்டும் ஆன் செய்யலாம். அதையும் தாண்டினால் டிஸ்க்கை இணைக்கிற சாட்டா குறுக்கே நிற்கும். சாட்டாவின் புது மோடான ஏஎச்சிஐ எக்ஸ்பிக்குத் தெரியாது, பழைய மதர்போர்டுகளில் ஐடிஇ மோட் என்று மாற்றிக்கொள்வோம், 2015-இல் வந்த 100 வரிசையோடு இன்டெல் அதையும் எடுத்துவிட்டது. டிரைவரை முன்கூட்டியே சிடிக்குள் சேர்க்காமல் போனால் 7பி என்று நீலத்திரை. அதே 100 வரிசையில்தான் யுஎஸ்பிக்கான பழைய இஎச்சிஐ கண்ட்ரோலரும் போனது. மிச்சம் இருக்கிற எக்ஸ்எச்சிஐ எக்ஸ்பிக்கும் தெரியாது, விண்டோஸ் 7 இன்ஸ்டால் டிஸ்க்குக்கும் தெரியாது. 'அடுத்து' என்று திரையில் கேட்கும், கீபோர்டும் மவுசும் செத்துக் கிடக்கும், பழைய உருண்டை பிஎஸ்/2 கீபோர்டு இருந்தால் பிழைத்தீர்கள். இதற்கும் மேலே ஏசிபிஐ பிடிக்காமல் ஏ5 என்று இன்னொரு நீலத்திரை வரும்.

திருத்திய டிரைவரெல்லாம் போட்டு இதை ஓடவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து செய்ய நல்ல விளையாட்டு. லாரி ஹாரன் அடிக்கிற இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது போர்ட். இதில்தான் நல்ல சேதி. பின்னால் ஓட்டை இல்லை என்பதால் போர்ட் இல்லை என்று அர்த்தம் இல்லைங்க. மலிவு விலை மதர்போர்டுகளில், எச்510 எச்610-இல் கூட, கீழ் ஓரத்தில் காம் அல்லது ஜேகாம்1 என்று எழுதி ஒன்பது முள் நிற்கும். சிலவற்றில் எல்பிடி (பிரிண்டர் போர்ட்) என்று எழுதி இருபத்தைந்து முள்ளும் இருக்கும். ஒரு ரிப்பன் பிராக்கெட் வாங்கி மாட்டினால் பின்னால் போர்ட் வந்துவிடும். இந்த முள்ளில் வருவது மதர்போர்டில் பழைய போர்ட்களைக் கவனிக்கிற சூப்பர் ஐஓ சில்லிலிருந்து நேராக வருகிற போர்ட், காம்1 என்றால் 3எஃப்8, எல்பிடி1 என்றால் 378, அந்தக் காலத்து முகவரி அப்படியே. டாஸ் புரோகிராம் தேடுவது அந்த முகவரியைத்தான். வாங்குவதற்கு முன்னால் மேனுவலை இறக்கி மதர்போர்டு படத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா மேல் போட்டிருக்கிற பட்டியலில் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. யுஎஸ்பி முள்வரிசையும் காம் முள்வரிசையும் பார்க்க இரட்டைப் பிறவி. இரண்டிலும் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு முள் இல்லாமல் இருக்கும். யுஎஸ்பியில் 9-வது முள் இருக்காது, காமில் 10-வது. மாற்றிச் சொருகிப் புகைவிட்ட கேஸ் என் மேஜைக்கு வந்திருக்கிறது.


களியக்காவிளை சால்டர்

அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் புது மதர்போர்டு எதற்கு என்று முதலில் கேட்கிறேன். உப்பிய கப்பாசிட்டர் ஐந்து என்றால் அது சாகக் கிடக்கிற மதர்போர்டு இல்லை, காய்ச்சல் வந்த மதர்போர்டு. 2000-த்தின் தொடக்க வருஷங்களில் வந்தவற்றில் மட்டமான எலக்ட்ரோலைட் போட்ட கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் உப்பின. அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், லோ ஈஎஸ்ஆர், 105 டிகிரி என்று கேட்டு வாங்கி மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். சாதாரண ரேடியோ கடை கப்பாசிட்டரைப் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி உப்பவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலகை தடிமன், கிரவுண்ட் கால் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால் 25 வாட் இரும்பு போதாது. கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள், அதுவும் அதே வயசுதான்.

அதுவரை கடை சும்மா இருக்க முடியாது என்றால் என் கணக்கு வேறு. புதுசில் தேடாதீர்கள், 2012-இல் நில்லுங்கள். இன்டெல் 7 வரிசை, அதாவது பி75, க்யூ75, க்யூ77. சிப்செட், உள்ளிருக்கும் எச்டி கிராபிக்ஸ் இரண்டுக்கும் இன்டெல்லே எக்ஸ்பி டிரைவர் கொடுத்த கடைசி வரிசை அது. பயாஸில் சாட்டாவை ஐடிஇ என்று மாற்றினால் சாதாரண எக்ஸ்பி சிடி எந்தத் திருத்தமும் இல்லாமல் ஏறும். கறுப்பு யுஎஸ்பி எல்லாம் வேலை செய்யும், நீலத்துக்கு மட்டும் எக்ஸ்பி டிரைவர் கிடையாது, பயாஸில் எக்ஸ்எச்சிஐயை அணைத்தால் அதுவும் யுஎஸ்பி 2 ஆக இறங்கி ஓடும். ராம் 4 ஜிபிக்கு மேல் போட்டு வீணாக்க வேண்டாம், 32 பிட் எக்ஸ்பி மூன்றேகால் சொச்சம்தான் பார்க்கும்.

பழைய ஆபீஸ் மிஷின் வாங்கினாலும் சரி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, எச்பி 8300 எல்லாம் க்யூ77-தான், பின்னால் காம் போர்ட் இருக்கும். 7010 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், 2023-இல் அதே எண்ணில் 13-வது தலைமுறையோடு புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதில் எக்ஸ்பி கனவு காணக்கூட முடியாது. கடைகளில் 'புது எச்61' என்று சீல் பிரிக்காமல் விற்கிறார்களே, அதுவும் எக்ஸ்பிக்கு ஓடும், ஆனால் மலிவானதில் காம் எல்பிடி முள்ளையே வைத்திருக்க மாட்டார்கள், பார்த்து வாங்க வேண்டும்.


நகரி நூல்

நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி. தம்பி, அதை எங்கே வைத்தீர்கள்? முதலில் அதைத் தேடி எடுத்து அப்பாவின் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அது நீட்டிப்பு இல்லை, டாங்கிள். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் பிரிண்டர் கேபிள், நடுவில் கட்டைவிரல் அளவுப் பெட்டி என்றால் தொண்ணூறு சதவீதம் அதுதான். புரோகிராம் தொடங்கும்போது எல்பிடி வழியாக அதைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால் கதவைச் சாத்திவிடும். எழுதியவரின் நம்பரும் இல்லை என்கிறீர்கள், அது தொலைந்தால் மதர்போர்டைப் பற்றிப் பேசியே பிரயோஜனம் இல்லை.

யுஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகிற மாற்று கேபிள் அச்சடிக்க மட்டும்தான் லாயக்கு. அது கம்ப்யூட்டருக்குள் 378 என்ற போர்ட்டை உண்டாக்குவதில்லை. டாங்கிள் அதில் உயிர்பெறாது. நான் மூன்று கேபிள் வாங்கிப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு நகரியில் புடவை பிளவுசுக்குப் போடுகிற எம்பிராய்டரி மிஷின் இரண்டு இருக்கிறது, டிசைன் மென்பொருளுக்கு இதே மாதிரி டாங்கிள், டிசைனை மிஷினுக்குக் கொண்டுபோக ஃபிளாப்பி. ஃபிளாப்பி முள்வரிசை மதர்போர்டுகளை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 1.44 எம்பி டிஸ்க்கை டிரைவ் எழுத்தாகக் காட்டும், அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது, வினோத ஃபார்மட் கேட்கிற மிஷின்காரர்களுக்கு அது உதவாது. இப்போது மிஷின் பக்கத்தில் ஃபிளாப்பிக்குப் பதிலாக கோடெக் என்கிற பெட்டியைப் பொருத்திவிட்டேன், பென்டிரைவைச் சொருகினால் மிஷின் அதை ஃபிளாப்பி என்றே நினைத்துக்கொள்கிறது. உங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை, ஆனால் ஒரு விஷயம் புரிந்தது: எல்லாவற்றையும் மதர்போர்டே தாங்க வேண்டியதில்லை.

எனக்கு மதர்போர்டே தாங்க வேண்டியிருந்தது பிசிஐ ஸ்லாட்டைத்தான். ஏ3 ஸ்கேனர் ஒன்று ஸ்கஸி என்கிற பழைய வகை இணைப்பு கார்டில் ஓடுகிறது. வெள்ளை நிற நீள ஸ்லாட் இருக்கிறதே என்று வாங்கினால் போதாது, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்டெல்லில் சிப்செட்டே நேராக பிசிஐ கொடுத்தது பி75, க்யூ77 வரைதான், 8 வரிசையிலிருந்து எதிலும் இல்லை. அதன் பிறகு வந்த மதர்போர்டில் பிசிஐ ஸ்லாட் இருந்தால் நடுவில் ஒரு பாலச் சில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. சவுண்ட் கார்டு, மோடம் மாதிரி சாதுக்களுக்குச் சரி. ஸ்கஸி கார்டு அதில் முரண்டு பிடித்தது, நேர் பிசிஐக்கு மாற்றியதும் அடங்கியது. அதனால் 2012-இல் நில்லுங்கள் என்கிற களியக்காவிளைக்காரர் பக்கம்தான் என் ஓட்டும்.

பயாஸில் எல்பிடி மோடையும் பாருங்கள். ஈசிபி என்று இருந்தால் சில டாங்கிள்கள் சண்டித்தனம் செய்யும். நார்மல் அல்லது எஸ்பிபி என்று வைத்தபின்தான் என்னுடையது பேசியது.


புளியரைக்காரன்

பெட்டி கிடைத்துவிட்டது, மேஜை டிராயரில் ரப்பர் ஸ்டாம்ப்களோடு கிடந்தது. பீரோவில் வைத்தாயிற்று. நகரி அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அப்பாவுக்கு அது டாங்கிள் என்பதே தெரியாது, இத்தனை வருஷமாக அதைப் பிரிண்டரின் பாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கேள்வி. ஒன்று, பிசிஐ எக்ஸ்பிரஸில் சொருகுகிற எல்பிடி கார்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறதாமே, அதைப் புது மதர்போர்டில் போட்டால் ஆகாதா? இரண்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே புது மதர்போர்டில் மாட்டினால் எக்ஸ்பி கிளம்புமா?


கம்பம்மெட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து செத்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறீர்கள். எடைமேடை இண்டிகேட்டர் என்ன செய்கிறது? காம் போர்ட் வழியாக, ஆர்எஸ்232-இல், எடையை வெறும் எழுத்தாகத் துப்பிக்கொண்டே இருக்கிறது. 2400 பாட் அல்லது 9600 பாட், ஒரு வரி, அதில் ஆறு ஏழு இலக்கம். பைத்தானில் இருபது வரி எழுதினால் அதைப் படித்துவிடலாம். யுஎஸ்பி சீரியல் கேபிள் முந்நூறு ரூபாய். ஃபாக்ஸ்புரோ டேட்டா டிபிஎஃப் ஃபைல், அதை லிப்ரெஆபீஸில் நேராகத் திறக்கலாம். டாட் மேட்ரிக்ஸிலும் இப்போது வருகிறவற்றில் யுஎஸ்பி இருக்கிறது. டாங்கிளும் வேண்டாம், எக்ஸ்பியும் வேண்டாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதே 2014 ஏப்ரலில்.


கொழிஞ்சாம்பாறை சர்வீஸ்

கம்பம்மெட்டு தம்பி சொல்வதில் தப்பு இல்லைங்க, எடையைப் படிப்பது இருபது வரிதான். கடன் கணக்கு, பழைய சீட்டைத் திரும்ப அச்சடிப்பது, ஒரே வண்டி காலியாக ஒருமுறை லோடோடு ஒருமுறை வந்தால் இரண்டையும் சேர்ப்பது, கரண்ட் பாதியில் போனால் பாதிச் சீட்டை என்ன செய்வது, அதெல்லாம் இருபது வரியில் அடங்காது. நாளைக்கே அவர் அப்பா உட்கார்ந்து தட்ட வேண்டும். புது புரோகிராமை நிதானமாக எழுதிக் கொடுங்கள், ஆறு மாதம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். எக்ஸ்பி மிஷினில் நெட்வொர்க் கேபிளைச் சொருகவே கூடாது, பென்டிரைவையும் கண்டவர் கையிலிருந்து வாங்கிப் போடக் கூடாது, அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

கார்டு கேள்விக்கு வருகிறேன். அந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு உண்மையான எல்பிடி போர்ட்தான், யுஎஸ்பி கேபிள் மாதிரி இல்லை. ஆனால் அது 378-இல் உட்காராது, கம்ப்யூட்டர் ஒதுக்குகிற வேறு ஏதோ முகவரியில் உட்காரும். விண்டோஸ் டிரைவர் வழியாக அச்சடிக்கிற புரோகிராமுக்கு அது பொருட்டே இல்லை. 378 என்று கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தட்டுகிற டாஸ் புரோகிராமுக்கு ஆள் இல்லாத வீடு. மதர்போர்டு முள்வரிசை என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கார்டுதான் என்றால் வழி வேறு. புது மதர்போர்டில் விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனுக்குள் எக்ஸ்பியை ஓட்டுங்கள், வெளியில் இருக்கிற எல்பிடியையும் காமையும் உள்ளே எடுத்துக் கொடுத்தால் உள்ளே இருக்கிற எக்ஸ்பிக்கு அது எல்பிடி1 என்றுதான் தெரியும். 2024 நவம்பரிலிருந்து அது தொழில் உபயோகத்துக்கும் இலவசம். சீரியல் போர்ட் இந்த வழியில் தொந்தரவே கொடுத்ததில்லை. டாங்கிள்தான் ஒன்று கேட்கும், ஒன்று கேட்காது. வாங்குவதற்கு முன்னால் யாருடைய மிஷினிலாவது சோதித்துப் பார்த்துவிடுங்கள். டாஸ் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் நிஜ காம் போர்ட்டை உள்ளே கொடுக்கலாம், டாங்கிள் இல்லாத புரோகிராமாக இருந்தால் நான் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டாதீர்கள். 865-க்குப் போட்ட எக்ஸ்பி வேறு சிப்செட்டில் 7பி நீலத்திரையில் நின்றுவிடும். அதோடு உங்களுடையது அகலமான ரிப்பன் போடுகிற ஐடிஇ டிஸ்க்காக இருக்கும், பி75-இல் அதற்குச் சொருகுமிடம் இருக்காது. யுஎஸ்பி ஐடிஇ அடாப்டர் ஒன்று வாங்கி, டிஸ்க்கின் ஜம்பரை மாஸ்டரில் வைத்து, முழு டிஸ்க்கையும் அப்படியே நகலாக (இமேஜ்) எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மதர்போர்டு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. இருபது வயசு டிஸ்க், எந்த நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

புது எக்ஸ்பியில் டாங்கிளுக்கான டிரைவரையும் போட வேண்டும், புரோகிராம் டாஸ்தான் என்றாலும் எக்ஸ்பி போர்ட்டை நேராகத் தொடவிடாது. பழைய டிஸ்க்கில் டிரைவர் ஃபோல்டர் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் பார்ட்டிஷனை விண்டோஸ் 7 டிஸ்க்கில் பூட் செய்து போட்டுவிட்டு அப்புறம் எக்ஸ்பியை ஏற்றுங்கள், எக்ஸ்பி தானாகப் போட்டால் 63-வது செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டிக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று, டாஸ் காலத்துப் புரோகிராம்கள் சிலவற்றுக்குக் காலி இடம் இரண்டு ஜிபிக்கு மேல் இருந்தால் கணக்குத் தப்பி 'இடம் போதவில்லை' என்று சொல்லும். 240 ஜிபி எஸ்எஸ்டியில் அப்படி வந்தால் பயந்துவிடாதீர்கள், அதற்கென்று ஒரு ஜிபியில் தனிப் பார்ட்டிஷன் போட்டு புரோகிராமை அங்கே வையுங்கள்.


புளியரைக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புனலூரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள், அங்கிருந்து ஐ3 3220, பி75 மதர்போர்டு, 4 ஜிபி ராம், கேபினெட்டோடு 4,800 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்குவதற்கு முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், கீழ் ஓரத்தில் எல்பிடி, காம் இரண்டு முள்வரிசையும் இருந்தன. விற்றவர் நான் என்ன தேடுகிறேன் என்று புரியாமல் நின்றார். பிராக்கெட் இரண்டையும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வரவழைத்தேன்.

டிஸ்க் இமேஜ் முதலில் எடுத்தேன். 40 ஜிபி டிஸ்க், பாதியில் கரகர என்று சத்தம் போட்டு என் உயிரை எடுத்துவிட்டுத்தான் முடித்தது. புரோகிராம், டேட்டா எல்லாம் சேர்த்து 63 எம்பிதான், பத்தொன்பது வருஷத்துக்கு. டாங்கிள் டிரைவர் டி டிரைவில் 'கீ' என்ற ஃபோல்டரில் இருந்தது.

ஐடிஇ மோடில் எக்ஸ்பி சாதுவாக ஏறியது. எல்பிடியை நார்மலில் வைத்தேன், டாங்கிள் முதல் தடவையே பேசியது, பிரிண்டரும் அதன் பின்னாலேயே வேலை செய்தது. 'இடம் போதவில்லை' சொன்னபடியே வந்தது, ஒரு ஜிபி பார்ட்டிஷனில் போட்டதும் போய்விட்டது.

இரண்டு நாள் கொன்றது காம் போர்ட். டிவைஸ் மேனேஜரில் காம்1 இருக்கிறது, 3எஃப்8 என்று காட்டுகிறது, இண்டிகேட்டரிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. இண்டிகேட்டர் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பாட் ரேட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒயரைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் 2-வது பின்னையும் 3-வது பின்னையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து ஹைப்பர்டெர்மினலில் தட்டினேன். தட்டியது திரும்பி வர வேண்டும், வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இந்த பிராக்கெட் ரிப்பனில் இரண்டு வகை வயரிங் இருக்கிறதாம். ஒன்றில் முள் எண்ணும் வெளிப் பின் எண்ணும் நேருக்கு நேர், இன்னொன்றில் மாறி மாறிப் போகும். கடையில் இரண்டும் ஒரே கவரில் ஒரே விலைக்குக் கிடைக்கிறது. மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்து, மேனுவல் படத்தோடு ஒப்பிட்டு, ரிப்பனைப் பிரித்துச் சால்டர் செய்தேன் (அசிங்கமாகத்தான் செய்தேன்). மறுபடி கம்பித் துண்டு, ஹைப்பர்டெர்மினலில் 'க' வரிசை தட்ட முடியாது, அதனால் ஏ ஏ ஏ என்று தட்டினேன், ஏ ஏ ஏ என்று வந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு வைக்கோல் லாரி ஏறியது. அப்பா எஃப்5 தட்டினார், 9,860 வந்து உட்கார்ந்தது, பிரிண்டர் கிரீச் என்று இழுத்தது. டிரைவர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி கையெழுத்தில் இருந்ததுதான் படிக்கச் சுலபமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிண்டர் ரிப்பன் காய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

களியக்காவிளை அண்ணாச்சி, பழைய 865 மதர்போர்டைப் பார்சலில் அனுப்பினால் கப்பாசிட்டர் மாற்றித் தருவீர்களா? ஸ்பேராக ஒன்று பரண் மேல் இருக்கட்டும் என்கிறார் அப்பா. கம்பம்மெட்டு தம்பிக்கு, டிபிஎஃப் ஃபைல்களை லிப்ரெஆபீஸில் திறந்து பார்த்தேன், கடன் கணக்கு சரியாகத் தெரிகிறது. இண்டிகேட்டர் அனுப்புகிற வரியையும் பிடித்து வைத்திருக்கிறேன், எழுதத் தயாராக இருந்தால் சொல்லுங்கள்.


களியக்காவிளை சால்டர்

அனுப்புங்க தம்பி. பிராசசரையும் ஹீட்சிங்கையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள், போன தடவை ஒருத்தர் அப்படியே பார்சல் பண்ணி, வழியில் ஹீட்சிங்க் பிய்ந்துகொண்டு சாக்கெட்டோடு வந்தது. இந்த மழையில் பாலிதீன் கவர் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.